கடல்கட்டி வீட்டுச் சாபம்

இலுப்பையடி,
முன்னேஸ்வரம் வழி,
சிலாபம்.
12.02.2012

மதிப்புக்குரிய அனஸ்தாசியா அம்மா அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை குருசுப்பாட்டுக்கு வந்து தங்கள் வீட்டுக் கேற்றடியில் நின்று கூப்பிட்டவன் நான். பெயர் இராமலிங்கம். தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வெளியே வந்த ஓர் அம்மா, அனஸ்தாசியா நீர்கொழும்புக்குப் போய்விட்டார், இங்கே தமிழ் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று சிங்களத்தில் சொன்னார். மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். அந்நேரம் காயப் போட்டிருந்த கருவாட்டில் ஒரு காகம் வந்து இறங்கியது. அதை அவர் துரத்திய பேச்சு நல்ல தமிழாக இருந்தது. ஆகவேதான் நீர்கொழும்பு விலாசத்தைத் தேடாமல் இந்த விலாசத்துக்கே எழுதுகிறேன். கோபிக்க வேண்டாம்.

உடப்பிலிருந்து மட்டக்களப்பு வரை எல்லா ஊருக்கும் ஒரு வரலாற்றுப் புத்தகம் வந்துவிட்டது. எங்கள் கரைக்குத்தான் ஒன்றுமில்லை. சிலாபத்திலிருந்து வடக்கே உள்ள சின்னச் சின்ன ஊர்களின் கதைகளை நான் ஒரு புத்தகமாகச் சேர்த்து வருகிறேன். அதில் குருசுப்பாட்டுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. முத்துக் குளித்த காலத்தில் சுறாவின் வாயைக் கட்டிய ‘கடல்கட்டி’ உங்கள் ஊரில் இருந்தார் என்றும், தாங்கள் அந்த வீட்டு வாரிசு என்றும் உடப்பில் ஒரு மீன் வியாபாரி சொன்னார்.

நான் கேள்விப்பட்ட கதை இது. கடைசிக் கடல்கட்டி ஒருநாள் குடித்துவிட்டு மந்திரத்தை மறந்தாராம். முத்துக் குளிக்க இறங்கிய ஒரு குளியாளைச் சுறா பிடித்ததாம். அந்த மனிதனின் பெண்சாதி கரையில் நின்று மண்ணை வாரி எறிந்து, ‘நீ மறந்த மாதிரி உன் சந்ததியும் பேச்சை மறந்து போகட்டும்’ என்று சபித்தாளாம். அதனால்தான் குருசுப்பாடு தமிழை மறந்து சிங்கள ஊரானதாம். ‘நாக்கு மறந்த ஊர்’ என்று அத்தியாயத்துக்குத் தலைப்பு வைத்திருக்கிறேன்.

இது தங்கள் வீட்டில் சொல்லப்பட்ட கதைதானா? வேறு ஏதும் தெரியுமா? இரண்டு வரி எழுதினாலும் பெரிய உதவி.

தங்கள் உண்மையுள்ள,
சி. இராமலிங்கம்


குருசுப்பாடு
மார்ச் 4

இராமலிங்கம் ஐயாவுக்கு,

கேற்றடியில நிண்டது நான்தான். பொய் சொன்னதுக்கு வெக்கமாயிருக்கு. காகத்த ஏசினதுக்கும்தான்.

நான் தமிழ்ல கடிதம் எழுதி அம்பது வருசம் இருக்கும். அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் தமிழ்ல படிச்சன். பிழைகளப் பாக்க வேணாம். போன் பண்ணவும் வேணாம், இனி வரவும் வேணாம். எண்ட மகன் நேவியில. மருமகள் குருநாகல் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, நல்ல பிள்ளை. ஆனா யுத்த காலத்துல இந்த வீட்டுல ஒரு சொல்லுத் தமிழ் கேட்டாலும் ஆராரோ வந்து ஆராரையோ விசாரிச்ச காலம் இருந்தது. அந்தப் பயம் எனக்கு இன்னும் விடல. கடிதம் எண்டா தபால்காரன் என் கையிலதான் தருவான்.

நீங்க எழுதின கதை எங்கட வீட்டுக் கதை இல்ல. அம்மா சொன்னத எழுதுறன். கடல்கட்டி குடிக்கிறவர் இல்ல. வள்ளங்கள் போற நாளுல விடியக்காலம் தொடக்கம் இடுப்பளவு தண்ணியில நிப்பாராம். சாப்பிடமாட்டார், கதைக்கமாட்டார். கையில ஒரு பனைநாரு. அதுல முடிச்சுப் போட்டா சுறா வாய் திறக்காது. பொழுதுபட்டு கடைசி வள்ளமும் வந்தாப் பிறகு முடிச்ச ஒவ்வொண்டா அவுக்கணும். அவுக்காம விட்டா சுறா பட்டினி கிடந்து செத்துப்போகும், அந்தப் பாவம் எங்கட வீட்டுப் பிள்ளைகளுக்கு வரும் எண்டு அம்மா சொல்லுவா. மந்திரம் என்ன எண்டு பெண்பிள்ளைகளுக்குச் சொல்லித் தரல. சாபம் எண்டு ஒண்ட நான் கேள்விப்படல.

ஊர் தமிழ விட்டது சாபத்தால இல்ல ஐயா. அம்பத்தெட்டுல கலவரம் நடந்தது. எங்கட ஆக்கள் ரெண்டு பேர, தமிழ் கதைச்சாங்க எண்டு பஸ்ஸுல வச்சு அடிச்சாங்க. தமிழ் படிப்பிச்ச மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்குப் போயிட்டார், திரும்பி வரல. அடுத்த வருசம் எங்கட வேதக் கோயிலடியில கூட்டம் வச்சு, பள்ளிக்கூடம் சிங்களமா தமிழா எண்டு பங்குச் சுவாமியார் கேட்டார். சிங்களம் எண்டு முதல் கை உயர்த்தினவர் எண்ட அப்பா இன்னாசிப்பிள்ளை. அவர் உயர்த்தினாப் பிறகுதான் மத்தவங்க உயர்த்தினாங்க. கரையில அவர் பேச்சுக்கு மரியாதை இருந்தது.

இத ஒருத்தருக்கும் சொன்னதில்ல. எழுதிப்போட்டன்.

அனஸ்தாசியா


இலுப்பையடி
20.03.2012

அன்புள்ள அனஸ்தாசியா அம்மா,

தங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். சுறா பட்டினி கிடக்கும் என்ற நம்பிக்கையை இதுவரை யாரும் எழுதியதில்லை. தங்கள் தமிழில் பிழையெல்லாம் பெரிதாக இல்லை, கவலைப்பட வேண்டாம்.

ஆனால் தங்கள் தகப்பனாரின் செய்தி என் மனதைப் புண்படுத்திவிட்டது. மறைக்காமல் சொல்கிறேன். அடித்தவன் அந்நியன், அது வேறு. சொந்தப் பிள்ளைகளின் வாயிலிருந்து தாய்மொழியைப் பறிக்க ஒரு தகப்பன் முதல் கையை உயர்த்துவதா? அந்தக் காலத்தில் இதே கரையில் தமிழைக் காப்பாற்றியவர்களும் இருந்தார்கள். என் அப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். இலுப்பையடிப் பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் மனேஜர். கிடுகுக் கொட்டிலாக இருந்ததைக் கல்லால் கட்டி எழுப்பினார். கலவர வருடத்திலும் ஒருநாள்கூட அது பூட்டப்படவில்லை. இந்தப் புத்தகத்தை அவருக்குத்தான் சமர்ப்பணம் செய்கிறேன். இன்றைக்கும் அவருடைய படம் பாடசாலை மண்டபத்தில் இருக்கிறது.

சாபக் கதையோடு சேர்த்துத் தங்கள் தகப்பனாரின் பெயரையும் போட விரும்புகிறேன். சாபம் பலித்த விதம் அது என்று வாசகர் விளங்கிக்கொள்வார்கள். வருங்காலத்துக்கு ஒரு பாடமாகவும் இருக்கும். சம்மதம் தருவீர்கள் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
இராமலிங்கம்


குருசுப்பாடு
ஏப்ரல் 1

இராமலிங்கம் ஐயா,

சம்மதம் இல்ல.

நீங்க கேற்றடியில வந்து நிண்ட நேரமே உங்கள ஆரெண்டு எனக்குத் தெரியும். பேர் தெரியாது, முகம் தெரியும். உங்கட அப்பாட அதே நெத்தி, அதே காது. அதுதான் நான் சிங்களத்துல கதைச்சன். நேவி, மருமகள் எண்டு எழுதினது எல்லாம் உண்மைதான். ஆனா அண்டைக்கு என் வாய் திறக்காமப் போனது அதால இல்ல.

மாஸ்டர் போனாப் பிறகு எங்கட ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பு இல்ல. இலுப்பையடியில தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கு, மனேஜரைக் கண்டு கேப்பம் எண்டு அப்பா வெளிக்கிட்டார். எண்ட அக்கா பாக்கியம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எங்களச் சேத்தா மத்தப் பிள்ளைகளையும் அனுப்பலாம் எண்டு நினைச்சவர். வெள்ளைச் சாரம், கலியாணத்துக்கு உடுத்த கோட். காலுல செருப்பு இல்ல. சைவக்காரர் வீடு எண்டு மீன் கொண்டு போகல. ஒரு வாழைக்குலையத் தோளுல வச்சு மணல் நெடுகத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

உங்கட அப்பா விறாந்தையில கதிரையில இருந்து பேப்பர் பாத்துக்கொண்டிருந்தார். நாங்க முத்தத்து வெயில்ல நிண்டம். அப்பா விசயத்தச் சொன்னார். உங்கட அப்பா எங்கள ஒருக்காப் பாத்தார். பாத்திட்டுச் சொன்னார்:

“இங்க படிக்கிறது கோயிலுக்குப் போற பிள்ளைகள். இந்தக் கருவாட்டு நாத்தத்தோட இதுகள நான் எங்க இருத்துறது?”

எண்ட அப்பா சொன்னார்:

“ஐயா, குளிச்சித்தான் அனுப்புவம்.”

கரையில நாப்பது பேர் வலை இழுக்கிற இடத்துல குரல் குடுக்கிற மனுசன். அண்டைக்கு அந்தக் குரல் எங்கயோ அடியில இருந்து வந்தது. உங்கட அப்பா உங்கட பாதிரியாரப் போய்க் கேளும் எண்டு சொல்லிட்டுத் திரும்பவும் பேப்பர விரிச்சார். வாழைக்குலைய முத்தத்துலயே வச்சிட்டு வந்தம். திருப்பித் தூக்கிக்கொண்டு வர அப்பாவுக்கு மனசு வரல.

அதுக்குப் பிறகுதான் அந்தக் கூட்டம். அதுக்குப் பிறகுதான் அவர் கை உயர்த்தினது. அடிச்சவனுக்குப் பயந்து மட்டும் உயர்த்தல ஐயா. நான் சிங்களப் பள்ளிக்கூடம் போனன். அக்கா அதுக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடத்துக்கும் போகல.

உங்கட அப்பாட படம் மண்டபத்துல இருக்கட்டும். எண்ட அப்பாட பேர உங்கட புத்தகத்துல போட வேணாம்.

அனஸ்தாசியா


இலுப்பையடி
16.04.2012

அன்புள்ள அம்மா,

கடிதம் கிடைத்தது. அப்பா இறந்து இருபது வருடமாகிறது. வந்து பதில் சொல்ல அவரால் முடியாது. நான் அப்போது கைக்குழந்தை. அந்தக் காலத்தில் ஊர்ச்சபை, கோயிற்காரர் எல்லோருடைய சொல்லையும் கேட்டுத்தான் ஒரு மனேஜர் நடக்க வேண்டியிருந்தது. சிறுபிள்ளையாக இருந்த தங்களுக்குச் சில சொற்கள் வேறுவிதமாகக் கேட்டிருக்கவும் கூடும். தங்களைப் பொய்யர் என்று நான் சொல்லவில்லை.

தங்கள் தகப்பனாரின் பெயரை எடுத்துவிட்டேன். பாடசாலை பற்றியும் ஒன்றும் எழுதவில்லை. சாபக் கதையை மட்டும் வைத்துக்கொள்கிறேன். அதனால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. புத்தகம் அச்சகத்துக்குப் போய்விட்டது. உதவிய எல்லோருக்கும் வெளியீட்டு விழா அழைப்பிதழ் அனுப்புகிறோம், தங்களுக்கும் இத்துடன் இருக்கிறது. வருவது தங்கள் விருப்பம்.

இராமலிங்கம்


இலுப்பையடி
24.09.2012

அனஸ்தாசியா அக்காவுக்கு,

ஏப்ரலில் எழுதிய கடிதத்துக்குத் தாங்கள் பதில் போடவில்லை. போடாதது சரி. இதற்கும் போட வேண்டுமென்றில்லை.

ஜூலையில் வெளியீட்டு விழாவன்று தாங்கள் வந்திருந்ததைக் கண்டேன். கடைசி வரிசையில், உயரமான ஓர் இளைஞரோடு இருந்தீர்கள். அது மகனாக இருக்க வேண்டும். நான் மேடையில் ‘நாக்கு மறந்த ஊர்’ அத்தியாயத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் மண்ணை வாரி எறிகிற இடத்தில் சனம் கைதட்டியது. தலைவர் திரும்ப வாசிக்கச் சொன்னார். நான் திரும்பவும் வாசித்தேன். தாங்கள் எழுந்து போனதைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். வாசிப்பை நிறுத்தவில்லை. நல்ல குரலில், ஏற்ற இறக்கத்தோடு, கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். அன்றைக்குக் கழுத்தில் விழுந்த மாலையோடுதான் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் என் மூத்த அக்கா செல்லாச்சி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அப்பா காலத்து ஆளென்று எங்கள் வீட்டில் இப்போது மிஞ்சியிருப்பது அவர் ஒருவர்தான். குருசுப்பாட்டிலிருந்து ஒரு மனிதர் இரண்டு பெண்பிள்ளைகளோடு எப்போதாவது வந்தாரா என்று கேட்டேன். அக்கா தலையை நிமிர்த்தவில்லை.

“ஓம், வந்தவை. அவை போன பிறகு முத்தத்துக்கு மஞ்சள் தண்ணி தெளிக்கச் சொல்லி அப்பா சொன்னவர். நான்தான் தெளிச்சனான். வாழைக்குலைய மாட்டுக்குப் போட்டம்.”

பிறகு கீரைச் சுளகை என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வாழைக்குலை என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. தங்கள் கடிதத்தை அவர் பார்த்ததும் இல்லை.

இந்த மாதம் பாடசாலை ஆண்டு விழா நடந்தது. அப்பாவைப் பற்றிப் பேச வழக்கம்போல என்னைக் கூப்பிட்டார்கள். படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். நான் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று நடந்ததைச் சொன்னேன். பஸ்ஸில் அடிபட்டவர்களின் ஊர்ப் பிள்ளைகள் தமிழ் படிக்க வேண்டுமென்று இங்கே நடந்து வந்தார்கள், நாங்கள் அவர்களைத் திருப்பி அனுப்பினோம், அவர்கள் காலடி பட்ட முற்றத்தைக் கழுவினோம், பிறகு அவர்களுக்குச் சாபம் என்று ஒரு கதை கட்டினோம், அதை நானும் அச்சடித்து விற்றேன் என்றேன். அதற்குள் செயலாளர் வந்து மைக்கை வாங்கிவிட்டார். பாட்டுப் போட்டார்கள். தம்பி குடும்பம் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. செத்தவரை அவமானப்படுத்திப் பேர் எடுக்கப் பார்க்கிறான் என்று ஊரில் கதை.

என்னைத் தைரியசாலி என்று நினைக்க வேண்டாம். தங்கள் தகப்பனார் சொன்ன அந்த ஒரு வார்த்தை இருக்கிறதே, ‘குளிச்சித்தான் அனுப்புவம்’ என்று, அதைச் சொல்லத்தான் மேடைக்கு ஏறினேன். அந்த இடம் வந்தபோது அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன். அதைச் சொல்லாமலே இறங்கிவிட்டேன்.

சாபக் கதையை அந்தப் புத்தகத்தில் இனி யாரும் வாசிக்கக் கூடாது என்று விற்காத பிரதிகளைத் திருப்பி எடுத்துவிட்டேன். விற்றது விற்றதுதான். மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நடந்ததைத் தங்களுக்குச் சொல்லவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இராமலிங்கம்


குருசுப்பாடு
அக்டோபர் 14

தம்பி இராமலிங்கத்துக்கு,

பதில் போடக்கூடாது எண்டுதான் இருந்தன். விழாவுக்கு வந்தது சண்டை பிடிக்க இல்ல. அப்பாட பேர் வருதா எண்டு பாக்கத்தான் வந்தன். வாசலுக்கு வந்தாப் பிறகு மகன், ஏன் அம்மா அழுறீங்க எண்டு கேட்டான். காரிலேயே எல்லாத்தையும் அவனுக்குச் சிங்களத்துல சொன்னன். வந்து இறங்கினாப் பிறகு, இத முதல்லயே சொல்லியிருக்கலாமே எண்டான். அவன்ட முகத்த என்னால பாக்க முடியல. முப்பது வருசமா அவனுக்குப் பயந்து அவனுக்கே ஒளிச்சிருக்கன்.

நீங்க எழுதின கடைசிக் கடிதத்த நான் அக்காவுக்கு வாசிச்சுக் காட்டினன். பாக்கியம்மா அக்கா எங்கட வளவுலதான் பின் வீட்டுல தனிய இருக்கிறா. புருசன் போயிட்டார். சின்ன வயசுல படிச்ச தமிழ் எழுத்தும் மறந்துபோச்சு, அவவுக்கு இப்ப எந்தப் பாஷையிலயும் வாசிக்கத் தெரியாது. உங்கட அப்பா வீட்டுக் கதைய நாங்க ரெண்டு பேரும் இவ்வளவு காலமா ஒருநாளும் பேசினதில்ல.

அக்காட பழக்கம் ஒண்டு உங்களுக்குத் தெரியாது. கோயில்ல அவ கடைசி வாங்குப் பலகையில, ஓரத்துல, ஆரும் பக்கத்துல இல்லாத இடத்துலதான் இருப்பா. கலியாண வீட்டுல பரிமாற வரமாட்டா. என் பிள்ளை பிறந்த நேரம் நான் தூக்கிக் குடுத்தாலும், கையப் பின்னால கட்டிக்கொண்டு நிப்பா. நாலு பேர் பாக்க ஒரு பிள்ளையத் தொடமாட்டா. அது அவட குணம் எண்டு நாங்க விட்டிட்டம். சிலபேர் பெருமைக்காரி எண்டும் சொன்னாங்க. நானும் சில நேரம் அப்பிடி நினைச்சிருக்கன்.

நான் வாசிச்சு முடிச்சன். உங்கட கூட்டத்துல நீங்க பேசின இடத்துல, எங்கட ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் சேத்துத்தான் வேணாம் எண்டவங்க எண்டு நான் விளங்கப்படுத்தினன். எங்கள ரெண்டு பேரையும் பாத்து மட்டும் இல்ல, ஆர் போயிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும் எண்டன். அக்கா என்னையே பாத்துக்கொண்டிருந்தா. பிறகு மெல்லக் கேட்டா:

“அப்ப அது எண்ட கையால இல்லையா?”

எனக்கு விளங்கல. பிறகுதான் சொன்னா. அண்டைக்கு விடியக்காலம் அம்மாவுக்கு உதவியா அவ சாளை மீன் கீறினவவாம். புறப்படுற அவசரத்துல தேசிக்காய்ப் புளி பிழிஞ்சு கழுவாம, சாம்பல் மட்டும் போட்டுக் கழுவிட்டு வந்தவவாம். உங்கட அப்பா எங்களப் பாத்த நேரம் தன்ட கையத்தான் பாத்தார் எண்டு நினைச்சிருக்கா. தன்ட கை மணத்ததாலதான் அப்பாவுக்கு அந்தப் பேச்சு விழுந்தது, தன்னாலதான் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் இல்லாமப் போனது, தன்னாலதான் தங்கச்சி சிங்களப் பள்ளிக்கூடத்துல அழுதுகொண்டு இருந்தா எண்டு, பன்னெண்டு வயசுல நினைச்சத இண்டு வரைக்கும் நினைச்சுக்கொண்டிருக்கா. அப்பா சாகும்போதுகூட அவர்ட கையப் பிடிக்காம நிண்டவ.

நீங்க சொன்ன சாபக் கதைய நினைச்சன் தம்பி. ஊருக்கு ஒரு சாபமும் இல்ல. இந்த ஒரு மனுசிதான் எல்லாத்தையும் தலையில வாங்கிக்கொண்டு பின் வீட்டுல இருந்திருக்கா. ஒரே வளவுல இருந்து, ஒரே கிணத்துல தண்ணி அள்ளிக் குடிச்ச நான் ஒருநாள் கேக்கல. எனக்கு எண்ட வெக்கத்தப் பாக்கவே நேரம் சரியாயிருந்திருக்கு.

இல்ல அக்கா, உங்கட கையால இல்ல எண்டு சொன்னன். திரும்பத் திரும்பச் சொல்லிப் பாத்தன். தலையாட்டினா. ஆனா நம்பினதாத் தெரியல. தங்கச்சி ஆறுதலுக்குச் சொல்லுறா எண்டு நினைக்கிறா.

நீங்க மேடையில சொன்னது சொன்னதுதான். அத நான் நல்லது எண்டும் சொல்லல, போதும் எண்டும் சொல்லல. அக்கா அந்த மேடையக் காணல. அவவுக்கு அந்த வீட்டு ஆள் ஒருத்தர் நேருல வந்து, அது அவட கையால இல்ல எண்டு சொல்லணும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பத்து மணிக்கு நாங்க வீட்டுல இருப்பம். தமிழ்லயே கூப்பிடுங்க.

செல்லாச்சி அக்காவுக்கு நடக்க ஏலும் எண்டா, அவவையும் கூட்டிக்கொண்டு வாங்க.

அனஸ்தாசியா